சந்தா டிஷ்ஷை விட்டு இலவச சேனல்களுக்கு மாறினோம்

எங்கள் வீட்டில் 11 ஆண்டுகளாக மாதந்தவறாமல் சந்தா கட்டிப் பார்த்துவந்த செயற்கைக்கோள் தொலைக்காட்சி இணைப்பை நிறுத்திவிட்டு, அதே டிஷ்ஷைத் திருப்பிவைத்து இலவச சேனல்களுக்கு மாறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பணத்தை மிச்சப்படுத்தவே மாறினோம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். ஒருநாள் மாலை ரிமோட்டில் சேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போன மகள், "இதுல பாதி சேனல் பேரே நான் கேட்டதில்லப்பா, இதுக்கெல்லாம் நாம காசு கட்டுறோமா?" என்றாள். கட்டுகிறோம் என்பது தெரியும். எதற்காகக் கட்டுகிறோம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் கயிற்றில் கட்டித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

அந்த நோட்டில் 30 நாள் எழுதினோம். யார் பார்த்தார்கள், எந்தச் சேனல், ஏறத்தாழ எவ்வளவு நேரம் என்ற மூன்றே விவரங்கள்தான். 10 நிமிடத்துக்குக் குறைவாகப் பார்த்தவற்றைச் சேர்க்கக் கூடாது என்றும், ஆள் இல்லாத கூடத்தில் தானாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தைத் தனிக் கணக்காக எழுத வேண்டும் என்றும் விதி வைத்துக்கொண்டோம். மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது, 240 சேனல்கள் கொண்ட எங்கள் தொகுப்பில் நால்வருமாகச் சேர்ந்து பார்த்தவை 14தான் என்று தெரிந்தது. அவற்றிலும் அம்மா பார்த்த ஐந்து சேனல்களே மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தன. மகளின் பெயர் மாதம் முழுவதற்கும் ஆறு முறைதான் வந்திருந்தது; அவள் பார்ப்பதெல்லாம் கைப்பேசியில் என்பதை அந்த நோட்டுதான் எனக்குச் சொன்னது. சந்தாவை நிறுத்தலாமா என்று யோசிப்பவர்கள் வேறெதையும் செய்யும் முன் இந்தக் கணக்கை எழுதிப் பார்ப்பது நல்லது. நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் நான் 40 சேனல்களுக்குக் குறையாமல் பார்க்கிறோம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்ததாக, அந்த 14 சேனல்களில் எவை எங்கள் வானத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்று தேட வேண்டியிருந்தது. இலவசம் என்ற சொல்லுக்குள் இரண்டு வகை இருக்கிறது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். எந்தப் பூட்டும் இல்லாமல் ஒளிபரப்பாகி, எந்த நிறுவனத்தின் ரிசீவரிலும் வருபவை ஒரு வகை. மாதச் சந்தா கேட்காவிட்டாலும் பூட்டியே ஒளிபரப்பாகி, குறிப்பிட்ட கார்டோ பாக்ஸோ இருந்தால்தான் திறப்பவை இன்னொரு வகை. பிரிட்டனில் பிபிசி சேனல்களே 2003 வரை செயற்கைக்கோளில் இந்த இரண்டாம் வகையாகத்தான் இருந்தன; அந்த ஆண்டில்தான் அவை பூட்டை எடுத்துவிட்டன. பிறகு 2008இல் பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து ஃப்ரீசாட் என்ற சந்தா இல்லாத சேவையையே தொடங்கின. இந்தியாவில் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் 33 சேனல்களுடன் தொடங்கிய டிடி டைரக்ட் பிளஸ்தான் இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் நடக்கிறது. இப்படிப் பெயர் வைத்த தனிச் சேவை இல்லாத இடங்களிலும், தலைக்கு மேலே உள்ள செயற்கைக்கோள்களில் பூட்டில்லாத சேனல்கள் பல ஒளிபரப்பாகிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைச் செயற்கைக்கோள் வாரியாகப் பட்டியலிடும் தளங்களில் நம் சேனலின் பெயரைத் தேடினால், அது எந்தச் செயற்கைக்கோளில், எந்த அலைவரிசையில், பூட்டோடா பூட்டில்லாமலா வருகிறது என்பது ஒரே வரியில் கிடைத்துவிடும்.

எங்கள் 14இல் ஒன்பது அப்படிப் பூட்டில்லாமல் கிடைத்தன. எஞ்சிய ஐந்தில் இரண்டு விளையாட்டுச் சேனல்கள், ஒன்று மகளின் கார்ட்டூன், இரண்டு தொடர்கள் வரும் சேனல்கள். அந்த இரண்டு தொடர்ச் சேனல்களில் ஒன்று அம்மாவுடையது என்பதுதான் சிக்கலாக இருந்தது. "அந்த ஒண்ணு முடியட்டும்ப்பா, அப்புறம் எதை வேணா நிறுத்திக்கோ" என்று அம்மா ஒரே வாக்கியத்தில் கால அட்டவணையை வகுத்துவிட்டார்கள். தொடர் முடிய மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் எனக்கு உண்மையில் உதவியாகவே இருந்தன, ஏனென்றால் அவசரமாக நிறுத்தியிருந்தால் நான் செய்திருக்கக்கூடிய தவறுகள் ஏராளம்.

சேனல் ஏன் இலவசமாக வருகிறது என்பதையும் கொஞ்சம் யோசித்துவைக்க வேண்டும். அரசு அல்லது பொது நிதியில் நடப்பவை சில. விளம்பர வருவாயை நம்பி, தங்கள் செலவிலேயே செயற்கைக்கோளில் இடம்பிடித்து நம் வீட்டுக்கு வருபவை பல. இரண்டாம் வகையில், கணக்கு ஒத்துவராத நாளில் சேனல் நம்மைக் கேட்காமலே போய்விடும். 2019 மார்ச்சில் இந்தியாவின் நான்கு பெரிய தனியார் ஒளிபரப்பு நிறுவனங்கள் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து தம் பொழுதுபோக்கு சேனல்களை ஒரே நேரத்தில் விலக்கிக்கொண்டன. அடுத்த ஆண்டுதான் அவை திரும்பி வந்தன. ஆகவே ஒரே ஒரு சேனலுக்காக மாறுகிறவர்கள் இரண்டு முறை யோசித்துக்கொள்வது நல்லது. ஒன்பது சேனல்களில் ஒன்று போனால் எட்டு மிஞ்சும் என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு பொருந்தும் என்பது என் கருத்து.

நிறுவனத்திடம் இணைப்பை நிறுத்தச் சொன்ன கதையை நீட்டி எழுதத் தேவையில்லை. முதல் அழைப்பில் பாதிக் கட்டணம் என்றார்கள். இரண்டாம் அழைப்பில் மூன்று மாதம் இலவசம் என்றார்கள். அதை ஏன் 11 ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று கேட்டபோது மறுமுனையில் இருந்த பையன் சிரித்துவிட்டான், அவன்மேல் குற்றமில்லை. பாக்ஸ் யாருக்குச் சொந்தம், டிஷ் யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் பாக்ஸ் அவர்களுடையது, டிஷ் எங்களுடையது. பாக்ஸைத் திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாட்டை நிறுவனத்திடம் மட்டும் சொல்லாமல் வங்கியிலும் தனியாக நிறுத்துங்கள்.

ஆனால் நான் ஒன்றைக் கோட்டை விட்டேன், அது இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு சேனலின் சிறுவர் நிகழ்ச்சியில் அவள் பள்ளிக் குழுவோடு நான்கு நிமிடம் பாடியதை அந்தப் பாக்ஸின் வன்தட்டில் பதிவுசெய்து வைத்திருந்தோம். சந்தா முடிந்த மறுநாள் அதைப் போட்டபோது, பட்டியலில் நிகழ்ச்சியின் பெயரும் தேதியும் இருந்தன. அழுத்தினால் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் வாசகம் மட்டும் வந்தது. சந்தா பாக்ஸ்களில் செய்யப்படும் பதிவுகள் பெரும்பாலும் பூட்டிய வடிவத்திலேயே சேமிக்கப்படுகின்றன. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அவை திறக்காது. இணைப்பு உயிரோடு இருக்கும்போதே அந்த நான்கு நிமிடத்தைத் திரையில் ஓடவிட்டுக் கைப்பேசியிலாவது படம் பிடித்திருக்கலாம். தோன்றவில்லை.

இனிக் கூரைக்கு வருகிறேன். எங்கள் பழைய டிஷ் 60 செ.மீ. விட்டமுடையது. அதையே பயன்படுத்தலாம் என்றாலும், சந்தா நிறுவனத்தின் செயற்கைக்கோளும் எங்களுக்கு வேண்டிய இலவச சேனல்கள் இருந்த செயற்கைக்கோளும் வானத்தில் வெவ்வேறு இடங்களில் இருந்ததால், திசையை மாற்ற வேண்டியிருந்தது. எல்லாத் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களும் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் ஒரே வளையத்தில் வரிசையாக நிற்கின்றன. அந்த வளையத்தில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 736 கி.மீ. தொலைவு. அதே ஒரு டிகிரி நம் டிஷ்ஷின் விளிம்பில் வெறும் அரை சென்டிமீட்டர். இதை நான் முன்பே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால், முதல் நாள் டிஷ்ஷைக் கைக்கு வந்தபடி சாண் கணக்கில் தள்ளித் தேடியிருக்க மாட்டேன்.

முதல் நாள் முழுக்கத் தோல்விதான். கைப்பேசிச் செயலி ஒன்று திசை, உயரக் கோணம், டிஷ்ஷின் முன்னே கம்பி நுனியில் அலைகளை வாங்கும் எல்என்பி என்ற சிறு கருவியைச் சுழற்ற வேண்டிய அளவு ஆகிய மூன்றையும் எங்கள் இடத்துக்கேற்பச் சொன்னது. ஆனால் டிஷ்ஷின் இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்ததும் கைப்பேசியின் திசைகாட்டி தடுமாறி, நான் நகர நகர வெவ்வேறு திசையைக் காட்டியது. அதோடு, நம் வீடுகளில் உள்ள டிஷ்கள் பெரும்பாலும் ஒருபக்கமாக விலகிக் குவியும் வகையைச் சேர்ந்தவை. அவை பார்க்கும் திசை, அவற்றின் முகம் காட்டும் திசையைவிட 20 டிகிரிக்கு மேலேகூட உயர்ந்திருக்கும். செயலி சொன்ன கோணத்துக்கு டிஷ்ஷின் முகத்தையே சாய்த்துவைத்த நான், வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். பின்பக்கப் பிடிமானத்தில் அச்சிட்டிருக்கும் டிகிரி அளவுகோலில் இந்த விலகல் ஏற்கெனவே கணக்கில் எடுக்கப்பட்டிருக்கும். அதை நம்பினால் போதும்.

இரண்டாம் நாள் முறையாகத் தொடங்கினேன். பழைய நிலையை மார்க்கர் பேனாவால் குழாயிலும் பிடிமானத்திலும் கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன், தோற்றுப்போனால் திரும்பிச் செல்ல ஓர் இடம் வேண்டுமல்லவா. இரும்பிலிருந்து நாலடி தள்ளி நின்று திசையைப் பார்த்து, தொலைவில் அந்தத் திசையில் தெரிந்த ஒரு தண்ணீர்த் தொட்டியின் மூலையை அடையாளமாக வைத்துக்கொண்டேன். மனைவி கீழே கூடத்தில் ரிசீவரின் சிக்னல் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, தொலைபேசி வழியாக எண்களைப் படித்துச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். வலிமைப் பட்டையைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. கேபிளில் எல்என்பி மாட்டப்பட்டிருக்கிறது என்பதற்காகவே அது 60, 70 என்று காட்டும். டிஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் காட்டும். தரப் பட்டைதான் செயற்கைக்கோளை உண்மையிலேயே பிடித்திருக்கிறோமா என்று சொல்வது.

"தரம் ஜீரோங்க. இன்னும் ஜீரோ. இருங்க இருங்க, நாப்பத்திரண்டு! ஐயோ போச்சு." அரை சென்டிமீட்டர் என்பதன் பொருள் அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. ரிசீவர் ஒரு சிக்னலை அடையாளம் கண்டு எண்ணைக் காட்டுவதற்கு இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்கிறது. நான் அதற்குள் கடந்து போயிருந்தேன். அதன்பிறகு விரல் நகத்தளவு தள்ளுவது, மூன்று வரை எண்ணுவது, மறுபடி தள்ளுவது என்று போனபோது தரம் 72இல் வந்து நின்றது. கீழே இறங்கி ஸ்கேன் போட்டால், வந்தவை எல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லாத சேனல்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதுபோல அடுத்த செயற்கைக்கோளைப் பிடித்திருந்தோம். தரம் நல்லபடியாக வருவதால் மட்டும் சரியான இடம் ஆகிவிடாது; ஸ்கேனில் வரும் சேனல் பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மரையை முடுக்க வேண்டும். அங்கிருந்து கிழக்காக ஒரு விரற்கடை தள்ளியதும் எங்களுடையது கிடைத்தது. மரையை ஒரே பக்கமாக முழுக்க முடுக்கினால் டிஷ் தானாகத் திரும்பித் தரம் இறங்கிவிடும். இருபுறமும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முடுக்குங்கள்.

சேனல்கள் வந்தன, ஆனால் பாதிதான் வந்தன. இந்தப் பாதி விவகாரத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செயற்கைக்கோள் தன் அலைகளைப் படுக்கைவாட்டம், செங்குத்து என்று இரு விதமாக அனுப்புகிறது. இரண்டில் எது வேண்டும் என்பதை ரிசீவர் கேபிள் வழியாக அனுப்பும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் எல்என்பி புரிந்துகொள்கிறது: 13 வோல்ட் என்றால் செங்குத்து, 18 வோல்ட் என்றால் படுக்கைவாட்டம். 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கேயூ பட்டை என்ற அலைவரிசைப் பகுதியையும் எல்என்பி மேல், கீழ் என இரண்டாகப் பிரித்துத்தான் தருகிறது, 11.7க்கு மேற்பட்ட பாதி வேண்டுமானால் ரிசீவர் 22 கிலோஹெர்ட்ஸ் ஒலித்துடிப்பு ஒன்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆக, வராமல் போன சேனல்களின் அலைவரிசைகளைப் பட்டியலில் பார்த்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். மேல் பாதி மொத்தமும் காணவில்லை என்றால் ரிசீவரின் எல்என்பி அமைப்புகளில் 22 கிலோஹெர்ட்ஸ் அணைந்திருக்கலாம், அல்லது எல்என்பி வகை தவறாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். வழக்கமான யுனிவர்சல் எல்என்பிக்கு அந்த அமைப்புகளில் 9750, 10600 என்ற இரண்டு எண்கள் இருக்க வேண்டும். எங்களுக்குக் காணாமல் போயிருந்தவை எல்லாம் படுக்கைவாட்டச் சேனல்கள்.

18 வோல்ட் எல்என்பி வரை போய்ச் சேரவில்லை என்பதே அதன் பொருள். கேபிளின் முனையில் இருந்த திருகு இணைப்பானைக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் உள்ள செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. சுற்றியுள்ள வெள்ளை நுரைப் பகுதி ஈரத்தால் பழுப்பாகி, விரலால் அழுத்தினால் நீர் கசிந்தது. 11 ஆண்டு மழை உள்ளே இறங்கியிருக்கிறது. நனைந்த பகுதியைத் தாண்டி ஒன்றரை அடி வெட்டியெறிந்து, புதிய இணைப்பான் மாட்டி, மேலே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைச் சுற்றினேன். கேபிள் எல்என்பியிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விட்டால், தண்ணீர் இணைப்பானுக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெளிச்சுற்றுப் பின்னல் கம்பியின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் குறுக்குச்சுற்று ஆகி ரிசீவரே கெடக்கூடும். அதே காரணத்தால், கேபிளை மாட்டுவதும் கழற்றுவதும் ரிசீவரின் மின்சாரத்தை முழுதாக நிறுத்திய பின்னர்தான். பெட்டியை அணைத்துவைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். திரும்ப ஸ்கேன் போட்டபோது எல்லாம் வந்துவிட்டன.

எல்என்பியைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. சில சந்தா நிறுவனங்கள் தங்கள் பாக்ஸுக்கென்றே தனி வகை எல்என்பி பொருத்துகின்றன. சாதாரண ரிசீவர் அதோடு பேசாது. எங்களுடையது சாதாரண வகையாக இருந்தது தற்செயலான நல்வாய்ப்பு. உங்களுடையது தனி வகை என்றால் எல்என்பியை மட்டும் மாற்றினால் போதும், டிஷ்ஷை மாற்ற வேண்டியதில்லை.

ரிசீவர் வாங்கும் முன், வீட்டுத் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பார்த்துவிடுங்கள். திருகு போடும் செயற்கைக்கோள் துளை அதிலேயே இருந்தால் தனி ரிசீவரே தேவைப்படாமல் போகலாம். எங்கள் தொலைக்காட்சியில் அது இல்லை. வாங்குவதானால் டிவிபி-எஸ்2 என்ற ஒளிபரப்பு முறையும் எம்பெக்-4 என்ற வடிவில் சுருக்கிய படங்களும் ஓடுவதாகப் பாருங்கள், அதைவிடப் புதிய எச்இவிசி வடிவமும் ஓடினால் இன்னும் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. பரணில் கிடக்கும் பழைய பெட்டியை வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜெர்மனியில் அனலாக் செயற்கைக்கோள் ஒளிபரப்பு 2012 ஏப்ரல் 30இல் அடியோடு நின்றது, பிபிசி 2024 ஜனவரியில் செயற்கைக்கோளில் சாதாரணத் துல்லியச் சேனல்களை நிறுத்தி, எச்டியை மட்டும் வைத்துக்கொண்டது. ஒளிபரப்பாளர்கள் இப்படி மாறும்போது பழைய பெட்டிகள் ஒரே நாளில் குருடாகிவிடும்.

இந்த இடத்தில் வேறொரு வகைப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலவச ரிசீவர் தேடுகிறேன் என்று தெரிந்ததும், இணைய இணைப்பைக் கொடுத்தால் பூட்டிய சேனல்களும் திறக்கும் என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். அது யாரோ ஒருவருடைய சந்தாக் கார்டின் சாவியைப் பலருக்குப் பங்குபோட்டுத் தரும் திருட்டு ஏற்பாடு. சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, அதற்கும் யாருக்கோ மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருக்கும். முறையிட இடமும் இருக்காது. நாங்கள் வாங்கிய சாதாரண ரிசீவரின் பட்டியலில், பூட்டிய சேனல்களின் பக்கத்தில் டாலர் குறி வருகிறது. ஸ்கேன் அமைப்பில் இலவசச் சேனல்கள் மட்டும் என்று தேர்ந்தெடுத்தால் அவை பட்டியலில் ஏறவே ஏறாது.

கூரை வேலை இரண்டு நாளில் முடிந்தது. கூடத்து வேலை இரண்டு வாரம் எடுத்தது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அம்மாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் மங்கல். பழைய ரிமோட்டில் அவர்கள் சேனல் பெயரைப் படித்ததே இல்லை. எண்களை விரலால்தான் அறிந்திருந்தார்கள். 5ஆம் பொத்தானின் மேலே சிறிய புள்ளி ஒன்று புடைத்திருக்கும், அதைத் தடவி, அங்கிருந்து கீழே, வலப்பக்கம் என்று போய் மூன்று எண்களை அழுத்துவார்கள். 11 ஆண்டுப் பழக்கம். புதிய ரிசீவரோ ஸ்கேனில் எது முதலில் கிடைத்ததோ அதற்கு 1 என்று எண் போட்டிருந்தது. அம்மாவின் காலைப் பக்திச் சேனல் 87இல், செய்தி 12இல், பழைய படங்கள் 131இல். நான் கூரையில் தரம் 80 வந்துவிட்டது என்று பெருமையோடு இறங்கிவந்தபோது, அம்மா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அணைந்த திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். "ஏம்ப்பா, எல்லாம் வந்துருச்சுன்னு சொன்னியே, என்னோடது ஒண்ணையும் காணோமே" என்றார்கள்.

அன்றைக்கு இரவு நோட்டை மறுபடி எடுத்தேன். ரிசீவரில் சேனல்களை இடம்மாற்றும் வசதியும், விருப்பப் பட்டியல் போடும் வசதியும் இருந்தன. முதலில் விருப்பப் பட்டியல் போட்டேன். அது தோற்றது, ஏனென்றால் அதைத் திறக்க ஒரு தனிப் பொத்தானை அழுத்த வேண்டும், திரையில் வரும் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். ஆகவே எண்களையே மாற்றினேன். அம்மாவின் நான்கு சேனல்களை 5, 6, 7, 8 என்று வைத்தேன், புடைத்த புள்ளியிலிருந்து தொடங்கட்டும் என்று. எங்களுடையவை 1 முதல் 4 வரையும் 9உம். விற்பனைச் சேனல்களையும் எங்களுக்குப் புரியாத மொழிச் சேனல்களையும் அழித்தேன். 160க்கும் மேல் இருந்த பட்டியல் 38 ஆனது. ரிமோட்டில் அம்மா தெரியாமல் அழுத்தி மெனுவுக்குள் போய்விடும் இரண்டு பொத்தான்களின் மேல் ஒட்டுநாடா ஒட்டினேன், பார்க்க அழகாக இல்லை. முடித்ததும் இந்த அமைப்பை யூஎஸ்பி குச்சியில் ஏற்றிப் பத்திரப்படுத்தினேன். மறு ஸ்கேன் போடும்போது சில ரிசீவர்கள் நம் வரிசையைக் குலைத்துவிடுகின்றன. அப்போது மீட்டெடுக்க அந்தக் குச்சிதான் உதவும்.

புது வரிசை அம்மாவின் விரலுக்குப் பழக இரண்டு வாரம் பிடித்தது. அதற்குள் மார்ச்சில் ஒருநாள் பகலில், வானம் துல்லியமாக இருந்தபோதே படம் சிதறி, கட்டம் கட்டமாக உறைந்து, பிறகு சிக்னல் இல்லை என்று வந்துவிட்டது. "பணம் கட்டலன்னு நிறுத்திட்டாங்களோ?" என்று அம்மா கேட்டதற்கு நான் சிரித்தேனே தவிர, எனக்கும் உள்ளூரப் பயம்தான். சில நிமிடங்களில் தானாகவே சரியாகி, மறுநாள் ஏறத்தாழ அதே நேரத்தில் மறுபடி போனபோதுதான் விளங்கியது. பகலும் இரவும் சமமாகும் நாட்களையொட்டி ஆண்டுக்கு இருமுறை, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். சில நாட்களுக்கு, நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே அது நீடிக்கும். சந்தா இருந்த காலத்திலும் இது நடந்திருக்கத்தான் வேண்டும். அப்போது அழைப்பு மையத்தில் புகார் கொடுத்துவிட்டு மறந்திருப்போம். கனமழையில் படம் போவதும் இரண்டுக்கும் பொதுதான். தரம் சாதாரண நாளில் எல்லையை ஒட்டியே இருந்தால் தூறலுக்கும் போய்விடும், கையிருப்பு இருந்தால் அடைமழைக்குத்தான் போகும். அதனால்தான் எல்என்பியைச் சற்றே சுழற்றி, கடைசி ஐந்தாறு புள்ளிகளையும் பிடித்துவைத்தேன்.

இழந்தவையும் உண்டு. முக்கியமான ஆட்டங்கள் பெரும்பாலும் பூட்டிய சேனல்களில்தான் வருகின்றன. அதற்கு எந்த டிஷ் திருப்பலும் மருந்தில்லை. பெரிய தொடர் நடக்கும்போது நான் மைத்துனர் வீட்டுக்குப் போய்விடுகிறேன், அவர் சந்தாவை விடவில்லை. என் மனைவிக்குப் பிடித்த தொடர்ச் சேனல் கிடைக்கவில்லை. அந்தத் தொடரை அவள் ஒளிபரப்பாளரின் செயலியில், மறுநாள், விளம்பரங்களோடு பார்க்கிறாள், குறை சொல்லிக்கொண்டேதான். இரண்டாவது செயற்கைக்கோளில் அந்தச் சேனலின் சகோதரச் சேனல் ஒன்று பூட்டில்லாமல் வருகிறது என்பதால், அதே டிஷ்ஷில் பக்கவாட்டில் இன்னொரு எல்என்பி மாட்டி, இரண்டு எல்என்பிகளுக்கிடையே மாற்றித் தரும் டைசெக் சுவிட்ச் வழியாக ஒரே கேபிளில் இரண்டையும் இறக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு செயற்கைக்கோள்களும் சில டிகிரி இடைவெளியில் இருப்பதால் முடியும்; 60 செ.மீ. டிஷ்ஷில் ஓரத்து எல்என்பிக்குத் தரம் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

ரிசீவரின் பின்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எங்கள் ஒன்பது சேனல்களின் அலைவரிசை, வாட்டம், சிம்பல் ரேட் (ரிசீவரில் கொடுக்க வேண்டிய ஒளிபரப்பு வேக எண்) ஆகியவை அதில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. இலவசச் சேனல்கள் அவ்வப்போது அலைவரிசை மாறும், மாறும் முன் திரையின் அடியில் ஓடும் வரியில் சொல்வார்கள், நாம் கவனிக்க மாட்டோம். போன மாதம் நான் வெளியூரில் இருந்தபோது அம்மாவின் 7ஆம் எண் சேனல் அப்படித்தான் போய்விட்டது. மகள் அந்தத் தாளைப் பார்த்து, ஓடும் வரியில் வந்த புதிய எண்ணைத் தட்டி, அந்த அலைவரிசைக்குரிய ஒரு டிரான்ஸ்பாண்டரை (செயற்கைக்கோளின் ஒளிபரப்புப் பிரிவை) மட்டும் ஸ்கேன் செய்திருக்கிறாள். சேனல் கிடைத்துவிட்டது, ஆனால் பட்டியலின் கடைசியில் 39ஆக வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் அம்மா மூன்றையும் ஒன்பதையும் தேடித் தேடி அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் அதை 7இல் போட்டுவிட்டு, தாளில் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினேன்.